விஸ்கியில்தான் சர்க்கரை இல்லையே, சம்பந்தி!

'சித்த வைத்தியருக்கும் விஸ்கிக்கும் என்ன சம்பந்தம்?' என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். சம்பந்தம் ஒன்றும் இல்லை. சம்பந்தி இருக்கிறார்!

என் பெண்ணின் மாமனார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. காலையில் வாக்கிங், ராத்திரி இரண்டு சப்பாத்தி, தீபாவளிக்கு வந்த லட்டைக் கையால்கூடத் தொடாத வைராக்கியம். எல்லாம் உண்டு. கூடவே, மாதத்தில் இரண்டு மூன்று நாள் விஸ்கியும் உண்டு. நான் முகத்தைச் சுளித்தால், "விஸ்கியில்தான் சர்க்கரை இல்லையே, சம்பந்தி!" என்பார்.

அவர் சொல்வது பொய் இல்லை. காய்ச்சி வடித்த விஸ்கியில் சர்க்கரை அநேகமாகக் கிடையாது. ஆனால், அந்த உண்மைதான் ஒரு புத்தாண்டு விடியற்காலையில் அவரைக் கிட்டத்தட்டக் கொண்டுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், விஸ்கி என்றால் என்ன, அதில் என்னென்ன ரகம், அதைப் பண்டிகைப் பலகாரத்தோடு சேர்த்து ருசி பார்க்கிறார்களே, அது என்ன கலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் யாரும் குடிக்காவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து வருகிற யாராவது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்துவிட்டுப் போகிற காலம் இது. தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பேரனைப் பார்ப்பதற்காக நாங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குப் போயிருந்தோம். அங்கே கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டுக்குத்தான் கொண்டாட்டம் அதிகம். 'ஹாக்மனே' என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் கிறிஸ்துமஸை ஒதுக்கி வைத்திருந்தார்கள்; அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனதே 1958-ல்தான் என்றால் நம்புவீர்களா? அத்தனை ஆசையையும் புத்தாண்டின்மேல் கொட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 31 சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எங்களை வீட்டுக்கு அழைத்தார். மேஜையில் ஐந்து பாட்டில்கள். பக்கத்தில் தட்டுத் தட்டாகப் பலகாரங்கள். ஆளுக்கு ஐந்து குட்டி கிளாஸ்; துலிப் பூ மாதிரி அடி அகன்று வாய் குறுகியிருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் அளவுதான் ஊற்றினார். "இவ்வளவுதானா?" என்று சம்பந்தி தமிழில் என் காதில் கேட்டார்.

ஒரு விஷயம். நான் மோந்துதான் பார்த்தேன். நாக்கில் ஒரே ஒரு சொட்டு. (என் மனைவியும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.) பிராண்டு பெயர்களையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது விளம்பரமாகிவிடும்.

விஸ்கியின் பூர்வீகம் மருந்துக்கடைதான் என்று பெரியவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்காட்லாந்து அரசாங்கத்தின் 1494-ம் வருடத்துக் கணக்குப் புத்தகத்தில், ஒரு துறவிக்கு மன்னர் ஆணைப்படி 'உயிர்த் தண்ணீர்' காய்ச்சுவதற்காக முளைதானியம் கொடுத்த செலவு எழுதியிருக்கிறதாம். 'விஸ்கி' என்ற சொல்லே அவர்களுடைய பழைய கேலிக் மொழியில் 'உயிர்த் தண்ணீர்' என்பதன் சுருக்கம். 1505-ல் எடின்பரோ நகரில் அதைக் காய்ச்சி விற்கும் உரிமையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அறுவை வைத்தியமும் சவரமும் சேர்த்துச் செய்துவந்தவர்களின் சங்கத்துக்கு! அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். இந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நம்மவர்கள் 'ரெண்டு மூடி பிராந்தி கொடுத்தால் சளி போகும்' என்கிறார்கள்.

தயாரிக்கும் முறை சித்த வைத்தியம் படித்த எவருக்கும் உடனே புரியும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்திக் குழந்தைக்குக் கூழ் மாவு செய்கிறோம் இல்லையா? அதே மாதிரி பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளைவிடும்போது தானியத்திலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. உலர்த்தி, அரைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்தால் இனிப்பான கஞ்சித் தண்ணீர். அதில் ஈஸ்ட்டைப் போட்டால் சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹாலைத் தருகிறது. அதைப் பெரிய செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். ஓமத் தீநீர் எடுக்க நாங்கள் வைக்கிற வாலை இயந்திரத்தின் பெரிய அண்ணன் அது! செம்பு எதற்கு என்று கேட்டேன். கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மிச்சமிருக்கும் சர்க்கரை ஆவியாகி மேலே வராது. 'சர்க்கரை இல்லை' என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

வடித்தது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். அதை ஓக் மரப் பீப்பாயில் அடைத்துக் குறைந்தது 3 வருடம் வைக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் அங்கே சட்டம். நிறமும் மணத்தில் பெரும்பங்கும் மரத்திலிருந்து வருவதுதான். வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். (பெங்களூர் வெயிலில் இது 10 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம் போலும்! அந்தப் பெங்களூர் சிங்கிள் மால்ட் ஒன்று 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே முதலில் விற்பனைக்கு வந்தது.) 'சிங்கிள் மால்ட்' என்றால் உசத்தி என்று அர்த்தமில்லை. முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது, ஒரே ஆலையில் வடித்தது, அவ்வளவுதான். நிறம் கருத்திருந்தால் வயசானது என்பதும் தப்பு. நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அங்கே சட்டத்தில் இடம் உண்டு. நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்கிற பல மலிவு ரகங்களுக்கு அடிப்படையே தானியம் அல்ல, கரும்பாலை மொலாசஸில் எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது.

சரி, ருசிக்கு வருவோம். ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்திருக்கும்போது ரசம் எப்படி இருக்கும்? உப்பும் புளிப்பும் தெரியும். ரசத்தின் 'ரசம்' தெரியாது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. தொண்டைக்குப் பின்னால் இருக்கிற வழியாக மணம் மேலே ஏறிப் போகிறது. அதனால் விஸ்கியைத் தொழிலாகக் கலக்கிறவர்கள் பெரும்பாலும் மூக்கால்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதுவும் தண்ணீர் கலந்து, 20 சதவீத அளவுக்கு இறக்கிவிட்டு. பெரியவரும் ஒரு சொட்டு மருந்துக் குழாயை எடுத்து ஒவ்வொரு கிளாஸிலும் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டார். மணம் சட்டென்று தூக்கியது. இதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு. புகை மணம் தருகிற 'குவாயகால்' என்ற பொருள் தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தினர் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

முதல் கிளாஸ் ஸ்காட்லாந்தின் தென்பகுதியான தாழ்நிலத்து ரகம். இளம் மஞ்சள். புல், எலுமிச்சைத் தோல் வாசனை. இதற்குத் துணை 'ஷார்ட்பிரெட்'. பெயர்தான் பிரெட். உண்மையில் நம் நெய் பிஸ்கட்டின் உறவு. ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. வெண்ணெய் நாக்கில் பூசிக்கொள்வதால் சாராயத்தின் எரிச்சல் குறைந்து மணம் மட்டும் மேலே தெரிகிறது. மணம் லேசான விஸ்கிக்கு மணம் லேசான பலகாரம். இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடும்.

இரண்டாவது, அயர்லாந்து விஸ்கி. அங்கே பெரும்பாலும் மூன்று தடவை வடிக்கிறார்கள். வழவழப்பு. உலர்பழம் அடைத்த குட்டிப் பணியாரம் மாதிரி ஒன்றை ('மின்ஸ் பை' என்று பெயர்) தொட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வைத்த ஸ்பேசைட் விஸ்கி. மோந்தால் உலர் திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் கிராம்பு... கண்ணை மூடினால் பேரீச்சை லேகியம் கிண்டுகிற அடுப்படி! அதற்கு ஜோடி 'பிளாக் பன்'. உலர் திராட்சையை இறுக அடைத்து, இஞ்சி, லவங்கப்பட்டை எல்லாம் போட்டு, மேலே மாவுப் போர்வை போர்த்திச் சுட்ட கறுப்புக் கேக். புத்தாண்டுக்கே உரிய பண்டம். பீப்பாயில் இருந்த மணமும் கேக்கில் இருக்கிற மணமும் ஒரே குடும்பம் என்பதால் பொருந்துகிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை சொன்னார் பெரியவர்: பலகாரம் ரொம்ப இனிப்பானால் அடுத்த வாய் விஸ்கி கசக்கும். ஜாங்கிரி சாப்பிட்ட கையோடு காப்பி குடித்துப் பாருங்கள், புரியும்.

நாலாவது அமெரிக்க 'போர்பன்'. பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம், மக்காச்சோளம். உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கருகிய மரத்திலிருந்து வெனிலா மணம் வருகிறது. ஓக் மரத்தில் லாக்டோன் என்று ஒன்று இருக்கிறது. அதன் வாசனை அசல் தேங்காய்! சம்பந்தியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் பர்பியை எடுத்து நீட்டினேன். பெரியவர் ஒரு கடி, ஒரு சொட்டு. எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

அந்த உற்சாகத்தில் சம்பந்தி காரச்சேவு டப்பாவைத் திறந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு கைப்பிடி காரச்சேவைத் தின்றுவிட்டு விஸ்கியை உறிஞ்சிய பெரியவருக்கு முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் நமக்குச் சொல்வது ஒரே நரம்புக் கதவு. சாதாரணமாக 42 டிகிரி சூட்டில் திறக்கிற அந்தக் கதவு, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே திறந்துகொள்கிறது. அதாவது நம் உடம்புச் சூடே அதற்கு நெருப்பு! மேலே மிளகாயும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நம் ஊரில் ஊறுகாயும் மிக்சரும்தான் 'சைடு டிஷ்'. வாய் எரிகிறது என்று ஒன்றை மாற்றி ஒன்று... கடைசியில் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கே இருக்காது. வயிற்றுப்புண்ணோடு என்னிடம் வருகிறவர்களில் பலரின் கதை இதுதான். எங்கள் வைத்திய மொழியில், பித்தத்தின்மேல் பித்தம்.

ஐந்தாவது, ஐலா தீவின் புகை விஸ்கி. அங்கே பார்லியை 'பீட்' என்ற மக்கிய சதுப்புநிலக் கரியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். மோந்தால் டிஞ்சர் அயோடின், நனைந்த கட்டை, ஆஸ்பத்திரி வராந்தா. "இதைப் போய் காசு கொடுத்து..." என்று சம்பந்தியம்மா எழுந்தே போய்விட்டார். இதற்கு நீலம் பூத்த பாலாடைக்கட்டியும் கசப்புச் சாக்லேட்டும் ஜோடி. பலத்த மணத்துக்குப் பலத்த மணம்தான் ஈடு. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதன் பிறகு நாக்குக்கு வேறெதுவும் உறைக்காது.

இரண்டு மணி நேரம் ஓடியது. பெரியவர் மொத்தம் குடித்தது எனக்குத் தெரிந்து இரண்டரை டேபிள் ஸ்பூன்தான் இருக்கும். நடுநடுவே தண்ணீர், பலகாரம். ருசி பார்ப்பது அவருக்கு நம் சங்கீத விமரிசகர்கள் கச்சேரி கேட்பது மாதிரி. சம்பந்தி மட்டும் ஐந்தையும் முடித்துவிட்டுப் பிடித்ததை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இப்போது, அவர் சாப்பிட்டதைக் கவனியுங்கள். ஷார்ட்பிரெட்டில் சர்க்கரை: வேண்டாம். பிளாக் பன்னில் திராட்சை: ஐயோ, வேண்டவே வேண்டாம். தேங்காய் பர்பி: பார்த்ததோடு சரி. இரண்டு துண்டு பாலாடைக்கட்டியும் கொஞ்சம் காரச்சேவும் மட்டும். வீட்டுக்கு வந்ததும் "வயிறு ஃபுல்லா இருக்கும்மா" என்று என் பெண்ணிடம் சொல்லிவிட்டு ராத்திரிச் சப்பாத்தியைத் தள்ளினார். ஆனால் ராத்திரி மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். ஒழுக்கமான நோயாளி!

நள்ளிரவில் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. குளிரில் மேடேறி நடந்து பார்த்தோம். பிறகு அங்கே ஒரு சம்பிரதாயம். பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டு வாசற்படியை முதலில் மிதிக்கிறவர் கறுத்த தலைமுடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம். கையில் நிலக்கரித் துண்டு, உப்பு, ஷார்ட்பிரெட், விஸ்கி கொண்டுபோக வேண்டும். எனக்குத் தலை முக்கால்வாசி நரை. 'டை' அடித்திருந்த சம்பந்திக்கு அடித்தது யோகம்! மூன்று வீட்டில் அவரைக் கூப்பிட்டு முதல் காலை வைக்கச் சொன்னார்கள். மூன்று வீட்டிலும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். படுக்கும்போது மணி இரண்டரை.

விடியற்காலை ஐந்தே கால். கதவைத் தட்டியது சம்பந்தியம்மா. "இவரைக் கொஞ்சம் வந்து பாருங்களேன். எழுப்பினா என்னவோ உளர்றார்."

"ராத்திரி போட்டது இன்னும் இறங்கலை, மாமா. தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்றார் மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறையில் சாராய வாசனை, மனிதர் நாக்கு குழறுகிறது, கண் நிலைகொள்ளவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் தொட்டுப் பார்த்தேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. ஜனவரி மாத எடின்பரோவில் யாருக்கும் அப்படி வியர்க்காது. நாடி துடிதுடித்து ஓடியது. முப்பது வருடமாக நாடி பார்க்கிறவன்தான். இருந்தாலும் உடனே நான் கேட்டது அவருடைய குளுக்கோமீட்டரை. எண் 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஐம்பதுக்குக் கீழே என்றால் மூளை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால், நிமிர்த்தி உட்காரவைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். கால் மணி கழித்து 61. மறுபடியும் அதே அளவு. அதற்குள் மாப்பிள்ளை 999-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. என் பெட்டியில் ஏழெட்டுச் சூரணம் இருந்தது. ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான் மருந்து. ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஏனென்றால் இந்த வகை மாத்திரையில், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தது எப்படி? நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கொடுப்பது கல்லீரல். முதலில் தன்னிடமுள்ள சேமிப்பை எடுத்து விடும். அது தீரும்போது, புதிதாகத் தயாரித்து அனுப்பும். உள்ளே ஆல்கஹால் வந்துவிட்டால், அந்த விஷத்தை எரிப்பதற்கே கல்லீரல் முன்னுரிமை கொடுக்கிறது. சர்க்கரை தயாரிக்கும் வேலை நின்றுபோகிறது. சாதாரண மனிதருக்கு அப்போது இன்சுலின் சுரப்பு தானாகக் குறைந்து சமாளித்துக்கொள்ளும். ஆனால் சம்பந்தி போட்டுக்கொண்டது கிளிமிபிரைடு. கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை. சாப்பாடும் இல்லை, மேடேறி நடந்ததில் சேமிப்பும் காலி, கல்லீரல் வேறு வேலையில், இன்சுலின் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இது குடித்த உடனே நடப்பதில்லை. பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில், விடியற்காலையில் நடக்கிறது.

அன்றைக்கு விஸ்கியைத் தள்ளிவிட்டு அந்தப் பிளாக் பன்னில் ஒரு துண்டைச் சாப்பிட்டிருந்தால், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும். அவ்வளவுதான். அவர் செய்தது நேர் எதிர்.

வீட்டில் இருக்கிற பெண்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். ஏனென்றால் ராத்திரி பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ, இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் குடித்துவிட்டு வந்தால், கோபத்தில் 'பட்டினி கிடக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். சண்டையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். சோறோ இட்லியோ ஏதாவது உள்ளே போக வேண்டும். படுக்கும் முன் ஒரு தடவை, நடு ராத்திரியில் ஒரு தடவை சர்க்கரையைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழறல், காரணமில்லாத எரிச்சல் இருந்தால், 'போதை' என்று முடிவு கட்டும் முன் குளுக்கோமீட்டர். மெஷின் இல்லையென்றால், விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சாக்லேட், கேக் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம்தான். ஆனால் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் சேருகிற வேறொரு ஆபத்து அவருக்கு உண்டு.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மதுக்கடை 'சிங்கிள்' என்பது பெரும்பாலும் 25 மில்லி. 40 சதவீத விஸ்கியில் அது ஒரு 'யூனிட்'. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாதீர்கள் என்று ஆண் பெண் இருவருக்கும் 2016-ல் அங்கே அரசு ஆலோசனை சொன்னது. நம் ஊர் 'லார்ஜ்' 60 மில்லி; 42.8 சதவீதம். ஒரே ஒரு லார்ஜ் இரண்டரை யூனிட்! அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வேண்டும். அதில் 140 கலோரிக்கு மேல் இருக்கிறது, சர்க்கரையே இல்லாமல். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு படி மேலே போய், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே கிடையாது என்று சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் மது 1988-லிருந்தே இருக்கிறது.

'குளிருக்கு இதம்' என்பார்கள். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் வெளியே கதகதப்பு. உள் உடம்பு சூட்டை இழக்கிறது. சளிக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வெந்நீரில் தேன், எலுமிச்சை, விஸ்கி கலந்து 'ஹாட் டாடி' குடிக்கிறார்கள். 'டாடி' என்பது நம் நாட்டுக் கள்ளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். பனையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து போனது. நம் பெயரைக் கொண்டுபோய் அவர்கள் கஷாயத்துக்கு வைத்திருக்கிறார்கள்! அதில் தொண்டைக்கு நல்லது செய்வது வெந்நீரும் தேனும். மூன்றாவது சரக்கை எடுத்துவிட்டு இரண்டு மிளகைத் தட்டிப் போடுங்கள், போதும்.

என்னிடம் அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி: "காலையில கீழாநெல்லி சாப்பிட்டுட்டா, சாயந்தரம் ரெண்டு பெக் போடலாமா டாக்டர்?" கூடாது. கீழாநெல்லி ஈரலுக்கு வாட்ச்மேன் இல்லை. ஈரல் கெடாமல் இருக்க வழி கேட்கிறவருக்கு, பாட்டிலை வைப்பதைத் தவிர என்னிடம் சூரணம் எதுவும் கிடையாது. தலைவலிக்கு என்று மறுநாள் பாரசிட்டமாலை இரண்டு மூன்றாக விழுங்குவதும், குடித்துவிட்டுத் தூக்க மாத்திரை போடுவதும் அதைவிட மோசம்.

சம்பந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் பதறிக்கொண்டு வந்தார். மாத்திரை விஷயம் தனக்குத் தெரியாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவர் எப்படி அறிவார்? கையில் ஒரு டப்பா ஷார்ட்பிரெட். சம்பந்தி என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க. கணக்கு வச்சுக்கலாம்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, குற்ற உணர்ச்சியில்லாமல் ஒரு இனிப்பைத் தின்றார். டீயோடுதான்.